துண்டுக்கடியில் பேசி ஒட்டிய பேட்ச்

ஊசி போடக் கற்றுக்கொண்டேன், டிரிப் ஏற்றக் கற்றுக்கொண்டேன், மூக்கில் டியூப் போடக் கற்றுக்கொண்டேன். மாட்டுப் பேரம் பேசவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் இப்போது வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பூலாம்பாடி கலியபெருமாள் ஐயாவின் முதுகில் ஒரு பேட்ச் ஒட்ட வேண்டுமென்றால் அதைக் கற்றுக்கொள்ளாமல் முடியாது.

பெரம்பலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். கடைசிச் சில வருஷங்கள் ஹோம் விசிட் என் பொறுப்பில் இருந்தது. ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போவேன். அந்தச் சுற்றலில் நான் அதிகம் சிரித்த வீடும் அதிகம் பயந்த வீடும் ஒரே வீடுதான்.

1. முதல் நாள் பேரம்

கலியபெருமாள் ஐயா மாட்டுத் தரகர். எழுபதைத் தாண்டியவர், ஆள் நல்ல வாட்டசாட்டம். டிமென்ஷியா வந்து சந்தைக்குப் போவது நின்றுபோயிருந்தது. சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி சாப்பாடு கேட்பார், சாயங்காலமானால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். முதலில் கேப்சூல் கொடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு வேளையும் வாந்தி. வயிற்றைத் தொந்தரவு செய்யாமல் தோல் வழியாக ஏறட்டும் என்று டாக்டர் அதே மருந்தை பேட்சாக மாற்றினார். தினம் ஒன்று ஒட்டவேண்டும். ஒட்டக் கற்றுக்கொடுக்க நான் போனேன்.

அவர் மனைவி செல்லம்மாள் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், எம் மவன் செந்திலு மெட்ராஸ்லேர்ந்து போன் பண்ணிச் சொல்லிட்டான். பொங்கல் வரைக்கும் பாப்பானாம். தேறலன்னா அப்பாவ திருச்சில ஒரு ஹோம்ல விட்டுடலாங்குறான். அங்க கொண்டுபோயி வுட்டா இவரு ராவெல்லாம் என்னத் தேடுவாருங்க. எனக்கும் இவரு இல்லாத வூட்டுல என்ன வேல? எப்புடியாவது இந்த பிளாஸ்திரி புடிச்சுக்கணும்."

செந்திலையும் குறை சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓடுகிற மனுஷனைத் துரத்தி அவரால் ஓட முடியாது. பொங்கலுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

உள்ளே போய் "ஐயா, சட்டையக் கழட்டுங்க, முதுகுல ஒரு மருந்து ஒட்டணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கையின் மேல் போட்டார். துண்டுக்குள்ளே அவர் கை நுழைந்து என் விரல் இரண்டைப் பிடித்து அழுத்தியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பயப்புடாதீங்க சிஸ்டர், வெல பேசுறாரு! சந்தையில வாயால வெல சொல்ல மாட்டாங்க. துண்டப் போட்டு மூடிக்கிட்டு வெரலப் புடிச்சுத்தான் பேசுவாங்க. ஒரு வெரலுக்கு ஒரு கணக்கு. நீங்க மூணு வெரலப் புடிங்க!"

மூன்று பிடித்தேன். அவர் முகம் சுளித்தது. மறுபடி இரண்டு பிடித்தார். சரி போகட்டும் என்று நானும் உடனே இரண்டுக்கு இறங்கினேன். அவ்வளவுதான், கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"ஒடனே ஒத்துக்கிட்டா மாட்டுல ஏதோ கொற இருக்குன்னு நெனப்பாருங்க. இழுத்துப் பேசணும்!"

அன்று இழுத்துப் பேசிப் பேசி என் விரலெல்லாம் சிவந்துபோனது. கடைசியில் அவர் "சரி, முடிஞ்சுது. ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினார். எந்த மாட்டை விற்றேன், என்ன விலைக்கு விற்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேட்ச் ஒட்டியாயிற்று.

2. அறிவு பிளாஸ்திரி

பேட்ச் ஒட்டுவது பொட்டு வைப்பது போலச் சுலபம் என்று நினைப்பவர்கள் செல்லம்மாளைப் பார்த்திருக்க வேண்டும். முதல் சனிக்கிழமை ஐயாவை உட்காரவைத்து உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, வேர்க்குரு பவுடரை முதுகில் கொட்டி, அதற்கு மேல் புது பேட்சை ஒட்டியிருக்கிறார். அது அரை மணி நேரத்தில் நழுவிக் கீழே விழுந்து, அங்கே படுத்திருந்த நாயின் வாலில் ஒட்டிக்கொண்டது. நாய் அதைக் கடிக்கச் சுற்றிச் சுற்றி வர, அந்த அம்மா விளக்குமாற்றோடு பின்னால் நொண்டிக்கொண்டு வர, ஐயா இரண்டு பேரையும் பார்த்துக் கைதட்டினாராம்.

நான் உட்காரவைத்துச் சொன்னேன். ஒட்டுகிற இடத்தில் எண்ணெய், பவுடர், விபூதி எதுவும் கூடாது. பழையதை எடுத்த பிறகுதான் புதியது. நேற்று ஒட்டிய இடத்தில் இன்று வேண்டாம். எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, நாய்க்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் போட வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும். இது நோயைக் குணமாக்காது, இருக்கிற நினைப்பைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியம் மட்டும் அந்த அம்மாவின் காதில் ஏறவில்லை.

சில வாரங்களில் ஐயா தெளிந்தார். தட்டில் போட்டதைத் தானே சாப்பிட்டார். சாயங்காலம் கிளம்புவது குறைந்தது. ஒரு நாள் "செல்லம், காப்பி போடு" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மா காபி போடவில்லை. முழங்கால் வலியை மறந்து தெருவுக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அடுத்த முறை நான் போனபோது வாசலில் ஒரு கூட்டமே காத்திருந்தது. அந்த பேட்சுக்குத் தெருவில் 'அறிவு பிளாஸ்திரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு பெண், "எங்க வூட்டுக்காரருக்குக் கடைக்குப் போனா வூட்டு வழி மறந்துடுது சிஸ்டர். அவருக்கு ஒண்ணு ஒட்டி வுடுங்க" என்றாள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. இன்னொருவர் கடன் வாங்கிப் போன பங்காளிக்கு ஒன்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. எல்லோரையும் திட்டி அனுப்பிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

3. எலி

கார்த்திகை முடிகிற நேரம். காலையில் செல்லம்மாள் போனில் அழுதார். முந்தின நாள் சாயங்காலம் ஐயாவைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் பழைய சந்தைத் திடலில், வெறும் வேலிக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். காலில் முள், பேச்சில் தடுமாற்றம், பெண்டாட்டியையே யார் என்று கேட்டிருக்கிறார். செந்திலுக்குத் தெரிந்து, "இனிமே யோசிக்க ஒண்ணுமில்லம்மா, நான் பொங்கலுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டான்.

கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு ஓடினேன். ஐயாவின் முதுகைப் பார்த்தால் பேட்சே இல்லை.

"என்னம்மா இது?"

அந்த அம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார். "பிளாஸ்திரிப் பெட்டி மாசம் முடியறதுக்குள்ள தீந்துபோவுது சிஸ்டர். புள்ளகிட்ட மறுபடி மறுபடி கேக்க ஒரு மாதிரியா இருக்கு. அதான் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஒட்டுனேன். நாலு நாளா அதுவுமில்ல. எலிதான் இழுத்துட்டுப் போவுதுபோல."

எனக்கு வந்த கோபத்தை எலி மேல் காட்டவா, அந்த அம்மா மேல் காட்டவா என்று தெரியவில்லை. பெட்டி இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பீரோ திறக்கிற எலியை நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் அப்போது மாப்பிள்ளை பாஸ்கரும் இருந்தார். ஆலத்தியூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்றால் அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?" என்று சுவரிடம்தான் கேட்பார்.

அன்றைக்கு மாப்பிள்ளை ஜன்னலோரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி பகலா படிக்கிறாங்களா, சூடு புடிச்சுக்கிச்சு. ஒரு வாரமா விட்டு விட்டு வாந்தி. எளநி வெட்டிக் குடுத்தேன், கேக்கல" என்றார் செல்லம்மாள், கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு.

எனக்குள் ஏதோ உறுத்தியது. அதற்குள் ஐயா என்னைப் பார்த்துவிட்டார். யார் என்று தெரியவில்லை, ஆனால் வியாபாரம் பேச வந்த ஆள் என்று மட்டும் தெரிந்துவிட்டது. தோளைத் தடவிப் பார்த்தார். துண்டு துவைக்கப் போயிருந்தது. சுற்றிலும் பார்த்தார். மாப்பிள்ளை தலையில் ஒரு துண்டு இருந்தது. நேரே போய் மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது தீனி எடுக்கல. வாங்காதீங்க."

சொல்லிவிட்டு, துண்டை ஒரே இழுப்பாக இழுத்தார்.

மாப்பிள்ளையின் நெற்றி நடுவே ஒரு பேட்ச். காதோரப் பொட்டு இரண்டிலும் ஒவ்வொன்று.

பிறகு செல்லம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராக அந்த அம்மா பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அறிவிருக்கா ஒங்களுக்கு?"

"அதுக்குத்தாங்க அத்தை ஒட்டுனேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வாளியைத் தேடி ஓடினார்.

சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்தது. ஆனால் நாடியைப் பிடித்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. நாடி மெதுவாக அடித்தது, பி.பி. இறங்கியிருந்தது. நல்ல மூளைக்கு இந்த மருந்து அறிவைக் கூட்டாது, இதயத் துடிப்பைத்தான் குறைக்கும். மூன்றையும் பிய்த்தெறிந்து, தோலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆட்டோ வரவழைத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எடுத்த பிறகும் தோலில் தங்கிய மருந்து கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் மறுநாள் வரை மானிட்டரில் வைத்திருந்தார்கள்.

"ஏன் தம்பி நெத்தியில ஒட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"மூளைக்குப் பக்கமா இருந்தா சீக்கிரம் ஏறும்னு நெனச்சேன் சிஸ்டர்."

"படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் வாந்தியோட போயிடுச்சு சிஸ்டர்."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது. பக்கத்து பெட் நோயாளி என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஐயாவின் நிலைமை சிரிக்கிறபடி இல்லை. சேர்ந்தாற்போல் சில நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி ஒட்டக்கூடாது. டாக்டர் சொன்னபடி சின்ன அளவிலிருந்து புதிதாக ஆரம்பித்தோம். பொங்கலுக்குள் தேறுவாரா என்று செல்லம்மாள் கேட்டார். தெரியாதும்மா என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளை அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து பீரோ சாவியும் ஐயாவின் முதுகும் அவர் பொறுப்பு. தினமும் துண்டுக்கடியில் மாமனாரிடம் பேரம் பேசித் தோற்றுவிட்டு பேட்ச் ஒட்டினார்.

4. பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று காலை நான் போனபோது செந்தில் கார் வாசலில் நின்றது. வீட்டுக்குள் ஒரு பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஐயாவின் வேட்டிகள். செல்லம்மாள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

ஐயா ஓரளவு தெளிந்துதான் இருந்தார். தானே சாப்பிட்டார், ராத்திரி தூங்கினார். ஆனால் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. செந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, என்கூட திருச்சிக்கு வர்றீங்களா?" என்று கேட்டான்.

ஐயா அவனை உற்றுப் பார்த்தார். துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார்.

செந்தில் சின்ன வயதில் அப்பாவோடு சந்தை சந்தையாகப் போனவன். துண்டுக்குள் அவன் விரலும் பேசியது. எவ்வளவு நேரம் பேசினார்களோ, இரண்டு பேர் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. திடீரென்று ஐயா கையை உதறினார். அடுப்பங்கரைப் பக்கம் விரலை நீட்டினார்.

"அவளையும் என்னையும் பிரிச்சுக் குடுக்கறதில்லைங்க. ஜோடி. ஜோடியா ஓட்டிட்டுப் போறதுன்னா பேசுங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. செந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை நாலாக மடித்து அப்பாவின் தோளில் போட்டான். சந்தையில் பேரம் முடியாத யாவாரி எப்படி எழுந்திருப்பாரோ அப்படி எழுந்து கும்பிட்டான்.

"வெல படியலைங்க ஐயா. நான் போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க" என்றார் ஐயா, தாராளமாக.

செந்தில் பையைப் பிரித்து வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டான். துணைக்குப் பகலில் ஒரு ஆளை வைப்பதாக அம்மாவிடம் சொன்னான். அன்றைய பேட்சை அவனே ஒட்டினான். நான் பக்கத்தில் நின்று அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு பேட்ச் கொண்டுபோனாலும் வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இது யாருக்கு, என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லிவிட்டுத்தான் உறையைப் பிரிப்பேன். மாப்பிள்ளை இருந்தால் அவரை முன்வரிசையில் உட்காரவைப்பேன். புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். நோயாளி துண்டை நீட்டினால் கையை நீட்டுங்கள், முதல் விலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.