ட்ரம் அடிக்க ஆளில்லாத பாட்டு

அரியக்குடிப் பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும்போது அண்ணனின் காரில் அந்தப் பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது. முதலில் வரும் சிந்தசைசர் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கேசட்டில் இருந்த பாட்டு.

எண்பதுகளில், சிங்கப்பூரில் கடை வைத்திருந்த அப்பா, எங்கள் அப்பச்சி, ஆளுக்கொரு கேசட் பதிந்து கொண்டுவந்தார்கள். இரண்டும் இங்கிலாந்துக் குழுக்கள். அண்ணனுடையதில் ஐந்து பேர். என்னுடையதில் இரண்டே பேர், மீதியெல்லாம் மெஷின்.

“ட்ரம் அடிக்கவே ஆளில்லை. இதெல்லாம் ஒரு பாட்டா?” என்பார் அண்ணன்.

“ஒங்க ஆளுக அஞ்சு பேரும் தலை சீவிக்கிறதுக்கே சேந்தவுக,” என்பேன் நான்.

ஆத்திரத்தில் என் கேசட்டில் வேறு எதையாவது பதிந்துவிடுவார் என்று பயந்து, அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டேன்; அவை போனால் மறுபடி பதிய முடியாது. ஆனாலும் நான் நிறுத்திய இடத்தில் டேப் நின்றதே இல்லை. வீட்டில் வேறு யாரும் இங்கிலீஷ் பாட்டுப் பக்கமே போகமாட்டார்கள்.

“அண்ணே, என் கேசட்டைத் தொட்டீகளா?”

“அந்த மெஷின் சத்தத்தை எவன் கேப்பான்?”

இப்போது ஸ்டியரிங்கில் அவர் விரல்கள் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தன. நான் திரும்பியதும் சட்டென்று பாட்டை மாற்றினார்.

“ரேடியோவுல எதையாச்சும் போடுறாக,” என்றார். ஓடியது ரேடியோ இல்லை, அவருடைய போன்.

அவர் கேசட்டை நானும்தான் திருட்டுத்தனமாகக் கேட்டேன். ஆனால் கேட்டு முடித்ததும் பென்சிலால் சுற்றி, அவர் விட்ட இடத்திலேயே கொண்டுவந்து வைப்பேன். அந்த நேர்த்தி அண்ணனுக்குக் கிடையாது.