ஃபில்டர் மடிப்புக்குள் மணல்

பாகூர் பக்கம் எங்கள் ஷெட்டுக்கு வரும் புல்வெட்டும் டிராக்டர்கள் பெரும்பாலும் கடற்கரை ரிசார்ட்டுகளில் இருந்தும் தனியார் கல்லூரிகளில் இருந்தும் வருபவை. உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வண்டி, வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடு. நானும் என் கணவரும் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவர்கள். வெல்டிங் அவர் வேலை, இன்ஜின் என் வேலை. கழற்றிய பழைய ஆயில் ஃபில்டரை நான் அப்படியே குப்பையில் போடமாட்டேன். பைப் கட்டரால் டப்பாவைச் சுற்றி அறுத்து, உள்ளே இருக்கும் காகிதச் சுருளை எடுத்து, மேஜையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் நெருக்கி ஆயிலைப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்ப்பேன். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வெள்ளிப் பொடியாக மினுங்கினால் உள்ளே அலுமினியம் தேய்கிறது. இன்ஜினுக்கு என்ன நடந்தது என்பதை அந்தக் காகிதம் காட்டிவிடும்.

ஒரு சித்திரை மாதம், கணவர் சாமான் வாங்க பாண்டிக்குப் போயிருந்த பகல் நேரம். ஒரு மினி லாரி ஷெட்டுக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. மேலே வில்லியனூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் டிராக்டர். அதன் சக்கரத்தில் சாய்ந்தபடி அதன் டிரைவர் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. கீழ் உதடு வீங்கி, மோவாயில் ரத்தம் காய்ந்திருந்தது. முன்னால் இருந்து சூப்பர்வைசரும் இரண்டு செக்யூரிட்டிகளும் இறங்கினார்கள்.

டிரைவரை எனக்கு நன்றாகத் தெரியும். மடுகரைக்காரர், நாற்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். அவர் மனைவியும் அதே கல்லூரியில் புல் வாரும் வேலை பார்த்தவர். இந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுபவர் எழுந்தால் இன்ஜின் அணைந்து பிளேடு நின்றுவிடும். கல்லோ பைப்போ குறுக்கே வந்தால் இறங்கி எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இன்ஜின் அணைகிறது, வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் அந்த சுவிட்சை, எழுந்தாலும் அணையாதபடி ஒயர் போட்டு முறுக்கிவிட்டார். சர்வீஸுக்கு வந்தபோது நான் ஒயரை அவிழ்த்தேன், அவரிடமும் சொன்னேன். அடுத்த தடவை வந்தபோது திரும்ப முறுக்கியிருந்தது. முந்தின வருடம் மழைக்காலத்தில், ஒரு சரிவில் தண்ணீர்ப் பைப்பை நகர்த்த டிரைவர் இறங்கினார். பிளேடு சுற்றியபடியே வண்டி ஈரப் புல்லில் சறுக்கியது. கீழே குனிந்து வாரிக்கொண்டிருந்த அவர் மனைவியின் வலது பாதத்தில் ஏறியது. பாதி பாதம் போய்விட்டது. டிரைவர் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் அதே வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் பூட்டிக்கிச்சு, சுத்தவே மாட்டேங்குது" என்றார் சூப்பர்வைசர். "இவன் இன்னாவோ பண்ணிருக்கான். பிரிச்சிப் பாத்து சொல்லுமா."

"மொதல்ல அவர எதுக்கு அடிச்சீங்க சார்?"

"அத வுடு. ஃபில்டர அறு."

டிரைவரை இறக்கி என் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்கள். செக்யூரிட்டிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஃபில்டரைக் கழற்றி அறுத்தேன். டப்பா இரண்டானதும் அடிப்பக்கத்தில் கரிய ஆயிலோடு ஒரு படிவு இறங்கியது. காகிதத்தை விரித்துக் கட்டைவிரலால் தடவினேன். நறநறவென்றது. மணல். பொடிப்பொடியான கடற்கரை மணல், ஒவ்வொரு மடிப்பிலும். ஆயில் ஊற்றும் துளையில் யாராவது போடாமல் இவ்வளவு உள்ளே போகாது.

நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் பம்பு போயிருக்குது சார்" என்றேன். "கனெக்டிங் ராடு தேஞ்சி பூட்டிக்கிச்சி. பழைய வண்டிதான." காகிதத்தை டீசல் தட்டில் போடக் கையை நீட்டினேன். சூப்பர்வைசர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காகிதத்தைப் பிடுங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது இன்னாடா?"

டிரைவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். "மணலு. மணப்பட்டு பீச்சுலேர்ந்து எடுத்தாந்தேன். நான்தான் போட்டேன். அவ காலு மேல ஏறுன வண்டி. அது மேல என்ன தெனம் குந்த வச்சியே."

சூப்பர்வைசர் மேஜையிலிருந்து அறுத்த டப்பாவின் பாதியை எடுத்தார். அதன் விளிம்பு பிளேடு போல இருக்கும், நானே பலமுறை கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதை டிரைவரின் முகத்தில் இழுத்தார். கன்னம் காதிலிருந்து வாய் வரை பிளந்தது. ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. கைகளைப் பிடித்திருந்தவர்கள் விடவில்லை. இரண்டாவது முறை டப்பாவை ஓங்கியபோது கண்ணுக்குக் குறிவைத்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் யோசிக்கவில்லை. மேஜையில் இருந்த சுத்தியலை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. டப்பா கீழே விழுந்தது. செக்யூரிட்டிகளில் ஒருவன் டிரைவரை விட்டுவிட்டு என்னைத் தள்ளினான். வைஸின் கைப்பிடி விலாவில் இறங்கியது. மூச்சு வரவில்லை. தரையில் கிடந்தபடி பார்த்தேன். ஒரு கை விடுபட்டதும் டிரைவர் இன்னொருவனைத் தலையால் முட்டி மூக்கை உடைத்தார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான். என்னைத் தள்ளியவன் லாரி மறைவில் போய் நின்றுகொண்டான்.

டிரைவர் சூப்பர்வைசரைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார். பழைய ஆயில் வடிக்கும் தட்டில் அவர் முகத்தை அழுத்தினார். சூப்பர்வைசரின் கால்கள் தரையை உதைத்தன. கரிய குமிழிகள் வந்தன. டிரைவரின் கன்னத்து ரத்தம் சூப்பர்வைசரின் பிடரியில் சொட்டிக்கொண்டே இருந்தது.

அடித்தவளே நான்தான். இப்போது பிரிக்க வேண்டியவளும் நான்தான். தவழ்ந்து போய் டிரைவரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. முழங்கையைக் கடித்தேன். அதற்கும் நகரவில்லை.

"அண்ணே, நீ ஜெயிலுக்குப் போயிட்டா அண்ணிய யாரு தூக்கி வுடுவா? வூட்ல ஒண்டியா கெடக்கும்."

அவர் கை தளர்ந்தது. நான் சூப்பர்வைசரைப் புரட்டிப் போட்டு வாய்க்குள் விரலை விட்டு ஆயிலை வழித்தேன். அவர் வாந்தி எடுத்தார். உயிர் இருந்தது. டிரைவர் சுவரோரம் உட்கார்ந்து கன்னத்தைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அழவில்லை.

எங்கள் மூன்று பேரையும் ஒரே ஆம்புலன்ஸில்தான் ஏற்றினார்கள். எனக்கு விலா எலும்பில் விரிசல். டிரைவர் பேரோடு என் பேரும் கேஸில் இருக்கிறது, வாய்தாவுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். கல்லூரி வண்டிகள் எதுவும் இப்போது எங்களிடம் வருவதில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் கேட்டது ஒன்றுதான்.

"மணல்னு தெரிஞ்சிதான் மறைச்சியா?"

"தெரிஞ்சிதான்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

டிரைவரின் மனைவி கழியை ஊன்றிக்கொண்டு ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நினைத்து ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவர் முகம் கோபத்தில் இறுகியிருந்தது.

"எனக்காக செஞ்சாருன்னு ஊரே சொல்லுது" என்றார். "என்ன ஒரு வார்த்த கேட்டாரா? கால் போனது எனக்கு. இருந்த வேலயும் போச்சி. இப்ப அவரு மூஞ்சியும் போச்சி."

டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"குந்திக்கினு செய்ற வேல எதுனா இருக்குதாமா?"

இருந்தது. இப்போது பார்ட்ஸ் கழுவுவது அவர்தான். என்னைவிடச் சுத்தமாகக் கழுவுகிறார். ஜாமீனில் வந்த டிரைவர் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறார். சாயங்காலம் சைக்கிளோடு வந்து ரோட்டோரம் நிற்பார். எத்தனை முறை கூப்பிட்டாலும் ஷெட்டுக்குள் வரமாட்டார். அந்த அம்மாள் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, தலையைச் சரிசெய்து, அவசரமே இல்லாமல் நடந்து போவார். கேரியரில் ஏறி உட்காரும்வரை இருவரும் பேசிக்கொள்வதில்லை. சைக்கிள் நகர்ந்த பிறகு அவர் ஏதோ சொல்வதும் டிரைவர் தலையாட்டுவதும் தூரத்தில் தெரியும்.