மெத்தைக் கடைத் தையல்

தையல்காரர் மாநாட்டுக்குத் திருவண்ணாமலை வந்திருக்கிறேன். ஊர் ஊராகப் போய்க் கூலிக்குத் தைக்கிறவன் நான். இருப்பது ஒரே நீலப் பேண்ட். மதிய இடைவேளையில் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, ராஜகோபுர வாசலில் செருப்பை விடக் குனிகிறேன். பேண்ட் பின்னால் கிழிந்துவிடுகிறது.

மாநாட்டுப் பையால் மறைத்தபடி தெருத்தெருவாக நடக்கிறேன். டெய்லர் கடை எல்லாம் பூட்டு. எல்லாரும் மாநாட்டில் இருக்கிறார்கள்.

மெத்தைக் கடை ஒன்று திறந்திருக்கிறது. தாடியில் பஞ்சு ஒட்டிய பாய் ஒருவர், கேட்பதற்கு முன்பே கைலியை நீட்டுகிறார். "இத கட்டிக்கினு அத கழட்டுங்க."

சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைப் படிக்கிறார். "டெய்லருங்களா? மண்டபத்துல அத்தினி டெய்லருங்க இருக்காங்களே, அங்க போறதுதானே?"

"அதனாலதான் பாய் போக முடியல."

குலுங்கிச் சிரிக்கிறார். மெத்தை ஊசியிலேயே நெருக்கமாகத் தைத்து முடிக்கிறார். பிறகு தூக்கிப் பார்த்து முகம் சுளிக்கிறார். "எங்கிட்ட வெள்ள நூல்தான். உங்காளுங்க கண்டுபிடிச்சிடுவாங்க." பேனாவைத் திறந்து, ஒவ்வொரு தையலாக நீல மை தடவுகிறார். காயும் வரை ஊதுகிறார்.

மண்டபத்தில், வெளியூர்க்காரர்களை முன்வரிசைக்கு அழைக்கிறார்கள். அத்தனை தையல்காரர்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து போகிறேன்.