அலுமாரி வாங்காத வீடுகள்

அம்மா வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு ஒரேயொரு தடவைதான் எழுதினார், 1986 இல். சென்ற மாதம் அவர் இறந்த பிறகு, அந்த முன்மொழிவின் கார்பன் பிரதி கிடைத்தது. ஒன்றரைப் பக்கம்.

அம்மாவின் பெயர் சரோஜினிதேவி. ஊர் மானிப்பாய். வேலை கண்டியில், வணிகத்துறை விரிவுரையாளர். சனங்கள் எதை, ஏன் வாங்குகிறார்கள் என்பது அவருடைய பாடம். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எதை வாங்குவதில்லை? நகரில் அப்போது உடைக்கப்பட்டு, ஆட்கள் திரும்பவும் குடியேறிய நாற்பத்துமூன்று தமிழ் வீடுகளுக்குச் சனி, ஞாயிறுகளில் நடந்தே போனார். மூன்று வருடத்தில் வாங்கிய வானொலிகள் பத்தொன்பது. கைத்தையல் மெஷின் ஏழு. அலுமாரி ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதையும் எவரும் வாங்கியிருக்கவில்லை.

சிங்கப்பூரில் நடக்கவிருந்த நுகர்வோர் ஆய்வு மாநாடு, கருப்பொருள் அமர்வுகளுக்கு முன்மொழிவு கேட்டிருந்தது. ஒரே கருப்பொருளில் மூன்று கட்டுரைகள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அமர்வு இல்லை. அம்மா இரண்டு பேரைச் சேர்த்தார். ஒருவர் சக விரிவுரையாளர் பளீல், மடவளைக்காரர். தளபாடக் கடைகள் எவற்றை விற்பதை நிறுத்தின என்று எழுதினார். மற்றவர் அம்மாவின் பழைய மாணவி இரஞ்சிதம், புசல்லாவையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. இந்தியாவுக்குப் போகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் லயத்து வரிசைவீட்டுக் குடும்பங்கள் என்ன வாங்குகின்றன என்று எழுதினார்.

அமர்வு ஏற்கப்பட்டது. இரஞ்சிதம் எங்கள் வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் அழுதார்.

"நான் கொழும்புக்கே ரெண்டு தடவதான் போயிருக்கேன் மிஸ். ப்ளேன்ல சாப்பாடு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. ஹலாலா ஹலாலா எண்டு கேட்டே நான் பட்டினி கிடப்பேன். என்ட பங்கையும் நீங்களே சாப்பிடுங்க" என்றார் பளீல்.

பயணச் செலவுக்கு அரசாங்கத்திடம் மூவருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். கள ஆய்வு நடந்ததற்குச் சான்றாக, வீட்டுக்காரரின் பெயர், முகவரிப் பட்டியலை இணைக்க வேண்டும் என்றது படிவம். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எல்லா ஆய்வுக்கும் அதே படிவம்தான்.

கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்று அம்மா புறப்பட்டார். நானும் போனேன். எனக்குப் பதினேழு வயது. முதல் வீடு கட்டுக்கலையில், வடிவம்மாவுடையது. அவர் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். நாங்க துணியக் கொடியில தொங்கப் போட்டிருக்கிறத சிங்கப்பூர்ல சொல்லப் போறீங்களாமே? மானம் கப்பலேறும்னு சொல்வாங்க, என் மானம் ப்ளேன் ஏறுது!"

அம்மா சிரித்துவிட்டுப் படிவத்தைப் பற்றிச் சொன்னார். மெஷின் நின்றது.

"பேரும் வீட்டு நம்பருமா?"

"ஓம்."

"கலவரத்தன்னைக்கு வந்தவங்களும் பேர் எழுதின பேப்பரப் பாத்துத்தான் வந்தாங்க டீச்சர். பக்கத்து வீட்ட விட்டுட்டு நேரா இங்க வந்தாங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீங்க குடுக்கணும்னா குடுங்க. உங்கள நம்பித்தானே கதவத் தொறந்தோம்."

அம்மா அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.

மாலையில் பளீல் வந்தார். "வேற பேர், வேற நம்பர் போட்டுக் குடுங்க மிஸ். அல்லாஹ் மன்னிப்பான்."

"அந்த நம்பரிலயும் ஆரோ இருப்பினம், பளீல்."

அவர் போனதும் அம்மா பட்டியலை அடுப்பில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு கடதாசிக்குப் பயந்து இரஞ்சிதம் அக்காவைக் கெடுத்திட்டியள். நீங்கள் கோழை" என்றேன்.

அம்மா சாம்பலைக் கிளறிவிட்டு உலையை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை புசல்லாவைக்குப் பஸ் ஏறினோம். இரஞ்சிதம் கடவுச்சீட்டைக் காட்ட எடுத்து வந்தார். அம்மா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"என் கட்டுரையில யாரு பேரும் இல்லையே மிஸ். நான் மட்டும் போக முடியாதா?"

"மூண்டும் இருந்தால்தான் அமர்வு."

"அப்ப அடுத்த வருசம்?"

"ஓம்" என்றார் அம்மா.

அடுத்த வருடம் மாநாட்டின் பொருள் வேறு. அதற்கடுத்த வருடங்களில் நாட்டுக் குழப்பத்தில் தபாலே ஒழுங்காக வரவில்லை. அம்மா பிறகு எதற்கும் எழுதவில்லை. இரஞ்சிதம் அதே பாடசாலையில் அதிபராகி ஓய்வு பெற்றார். வேறு கடவுச்சீட்டு எடுக்கவில்லை.

செத்தவீட்டுக்கு அவர் வந்திருந்தார். அம்மாவில் கோபம் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்திச்சு தங்கச்சி. ரொம்ப வருசம். மிஸ் எங்கிட்ட ஒரு தடவகூட மன்னிப்புக் கேக்கல. கேட்டிருந்தா, பட்டியலக் குடுத்திருக்கலாம்னு ஆயிடும்ல?"

இருபத்திரண்டு வருடங்களாக நானும் அம்மா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கோழை என்றவள் நான்; சொல்ல வேண்டியவளும் நான்தான். இரஞ்சிதம் அழுகிறேனா என்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.