உண்ணிக்கு ஒரு மாதம் கெடு

எங்கள் தொழிலில் யாரும் "என் நாய்க்கு உண்ணி" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "பக்கத்து வூட்டு நாயால என் நாய்க்கு உண்ணி" என்றுதான் வருவார்கள். நாய் வளர்க்கும் நீங்களும் என்றாவது இதைச் சொல்லியிருப்பீர்கள், மறைக்காதீர்கள். என் பெயர் ஸ்டெல்லா. திருவொற்றியூரில் ஒரு சின்ன நாய் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். ஊசி, ஆபரேஷன் எல்லாம் டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். நாயை எடை போடுவது, காதைத் திருப்பிப் பார்ப்பது, இடுக்கியால் உண்ணியைப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடுவது எல்லாம் என் பாடு. படிக்கும்போதே உங்களுக்குக் கணுக்காலில் ஊறுகிறதா? எனக்கு ஒன்பது வருஷமாக ஊறிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் எர்ணாவூரிலிருந்து வந்த ஒரே ஒரு நாய் ஒரு மாதம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது. அந்த மாதத்தில் நடந்தவை இவை.

மீட்டிங்கில் போட்ட தீர்மானம்

காஞ்சனா எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருப்பவள். மாவு அரைத்து விற்கிறாள். அவள் கூட்டி வந்த நாய் செம்பட்டை நிறம், ஒரு முன்னங்கால் மட்டும் பாதத்தில் வெள்ளை. பெயர் மணி. தெருநாய்தான், ஆனால் அவள் பிளாக்கை விட்டு எங்கும் போகாது. காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில், வாலடியில் என்று உண்ணி குடும்பம் குடும்பமாக இருந்தது. பிடுங்கிப் பிடுங்கி எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

அதற்குள் காஞ்சனா விஷயத்தைச் சொன்னாள். தரைத்தளத்து வீட்டுக் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி கடித்துத் தொங்கியிருக்கிறது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிளாக் செக்ரட்டரி மீட்டிங் போட்டுவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு படிக்கட்டில் ஒரு உண்ணி தென்பட்டாலும் நாயை லோடு ஆட்டோவில் ஏற்றி மணலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவது என்று தீர்மானம். டேங்கர் லாரி ஓடுகிற அந்த ரோட்டில் அது இரண்டு நாள் கூடத் தாங்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டாக்டரம்மா மாதம் ஒன்று போடும் மாத்திரையைக் கொடுத்தார். நான் சீட்டில் பெயர், எடை, தேதி எழுதிக் கொடுத்தேன். காஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மணிக்குப் பதிலா அந்த செக்ரட்டரிய ஏத்தினு போய் உட்டுட்டு வரட்டும்க்கா. படிக்கட்டு தன்னால சுத்தமாப்பூடும்."

டீசல் குளியல்

மூன்று நாள் கழித்து பாபு என்று ஒரு டேங்கர் லாரி டிரைவர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. கூட ஒரு நாய், உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, தோல் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. பெயர் ராக்கி, மாத்திரை வேண்டும் என்றார். கடிபட்ட குழந்தை இவருடையதுதானாம். ஆனால் நாயைக் கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று அந்தக் குழந்தையே சாப்பிடாமல் அழுகிறதாம். அதனால் டீசலை ஊற்றித் தானே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

நான் பேச வாயெடுப்பதற்குள் ராக்கி என்னைப் பார்த்து வாலை ஆட்டி, தானாகவே போய் எடை மெஷின் மேல் ஏறி நின்றது. வெள்ளைப் பாதம். "இது மணியாச்சே! இதுக்கு மூணு நாள் முன்னாடிதான் மாத்திரை போட்டோம்" என்றேன். பாபு தலையாட்டி மறுத்தார். மணி என்பது மூன்றாவது மாடி நாய், இது தரைத்தளத்து நாய் என்றார். நல்லவேளை, நாய் தானாக ஏறி நின்று காட்டிக்கொடுத்தது. இல்லையென்றால் ஒரு மாத மருந்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை விழுங்கியிருக்கும். பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டு நானும் அவருமாக அரைமணி நேரம் குளிப்பாட்டினோம். நாய் மேல் டீசல், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் படக்கூடாது, நக்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா ஒரு பிடி பிடித்தார். பாபுவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"லாரில எந்தக் கறையா இருந்தாலும் டீசல் பட்டா ஓடிப்பூடும்மா. உண்ணி இன்னா, அதவிடப் பெரிய ஆளா?"

என் வீட்டு வாசல்

நடுவில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் என் வீட்டுக்குள் நான் நேராக நுழைந்து வருஷக்கணக்காகிறது. வாசலிலேயே முந்தானையை உதறி, பையைக் கவிழ்த்து, செருப்பைத் தட்டிக் காட்ட வேண்டும். ஒரு தடவை தெள்ளுப்பூச்சி ஒன்று என்னோடு பஸ் ஏறி வந்து மெத்தையில் குடும்பம் நடத்திவிட்டது, அதிலிருந்து இந்தச் சட்டம். டீசல் நாயைக் குளிப்பாட்டிய அன்று, ஹார்பரில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, மூக்கைச் சுளித்துச் சொன்னார்:

"ஹார்பர்ல கண்டெய்னரக்கூட இவ்ளோ செக் பண்ண மாட்டாங்க ஸ்டெல்லா. ஆனா நீ இன்னா சரக்கு எடுத்துனு வரன்னே தெரியலியே!"

படத்துக்குப் பின்னால்

பத்து நாள் ஆனது. நாயின் உடம்பில் ஒரு உண்ணி இல்லை. ஆனால் படிக்கட்டுச் சுவரில் இன்னும் ஊர்கிறது என்று காஞ்சனா போனில் அழுதாள். கெடுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எர்ணாவூர் போனேன்.

இரண்டாவது மாடியில் மேரி, ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நான் உள்ளே போனபோது வறுத்த மீனுக்குள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய உண்ணி மாத்திரையை வைத்து நாய்க்கு நீட்டிக்கொண்டிருந்தார். "சீசரு, தின்னுடா கண்ணு!" அதே வெள்ளைப் பாதம். நான் போட்ட சத்தத்தில் மேரியே மீனைக் கீழே போட்டார். சீசர் மீனை மட்டும் தின்று மாத்திரையைச் சுத்தமாகத் துப்பி வைத்திருந்தது. அந்தப் பிளாக்கிலேயே புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மேரி வீட்டைத் துளி அழுக்கில்லாமல் வைத்திருந்தார். மெத்தை வெயிலில், துணியெல்லாம் வெந்நீரில். பிறகு எங்கிருந்து வருகிறது? சுவரைப் பார்த்தேன். ஜன்னல் ஓரமாக மேலே ஏறிய ஒரு உண்ணி, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. உண்ணி நாயைவிட்டு இறங்கி, யார் கையும் படாத உயரமான சந்தில் போய் முட்டையிடும். எங்கள் வீடுகளில் அந்தப் படத்தை கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் இறக்குவோம், நடுவில் தொடமாட்டோம். இரண்டு பேருமாக சிலுவை போட்டுக்கொண்டு இறக்கினோம். பின்பக்கம் முழுக்கக் கூட்டம். மேரிக்கு முகமே தொங்கிவிட்டது.

"ஏசப்பா எல்லாருக்கும் எடங் குடுக்கறவருதான். அதுக்காக இதுங்களுக்குமா?"

நாய் இல்லாத வீடு

பிறகுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாள் மருந்து தெளித்து, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காஞ்சனா தெளித்தால் மேரிக்கு ஓட்டம், புதன்கிழமை மேரி தெளித்தால் பாபுவுக்கு ஓட்டம். மொத்தப் பிளாக்கும் ஒரே நாளில் கதவைத் திறந்து, சந்து பொந்தெல்லாம் தெளிக்க வேண்டும், முட்டை பொரிவதால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும் தெளிக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பாபு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் சம்மதித்தார்கள், ஒருவரைத் தவிர. முதல் மாடி தனசேகர், அந்த செக்ரட்டரி. மணலியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நானே போய்க் கெஞ்சினேன். கதவைப் பாதி திறந்தபடியே சொன்னார்:

"எங்க வூட்ல நாயே கெடையாதும்மா. நாயி வெச்சினு கீறவங்க அடிங்க. எனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

கெடு முடிந்த நாள்

அவர் வீட்டை விட்டுவிட்டு மற்ற எல்லா வீட்டிலும் இரண்டு முறை தெளித்தார்கள். கடைசி நாள் காலை மீட்டிங் என்று காஞ்சனா கூப்பிட்டதால் நானும் போனேன். கீழே லோடு ஆட்டோ தயாராக நின்றது. பாபுவின் குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. தனசேகர் முன்னால், நாங்கள் பின்னால் என்று படிக்கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது மாடி சுத்தம். இரண்டாவது மாடி சுத்தம். முதல் மாடியில், சுவரோரமாக ஒரு உண்ணி.

"பாத்தீங்களா!" என்றார் தனசேகர். அது போகிற வழியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக ஊர்ந்து அவர் வீட்டுக் கதவிடுக்கில் நுழைந்தது. கேட்காமலேயே உள்ளே போய்விட்டேன். பீரோவுக்குப் பின்னால் நாலாக மடித்த சாக்கு, பக்கத்தில் பால் கிண்ணம், சாக்கெல்லாம் செம்பட்டை முடி. சாக்கைத் தூக்கியதும் அடியில் இருந்தவை நாலு பக்கமும் ஓடின. தனசேகரின் மனைவி வசந்தா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க ஷிப்டுக்குப் பூட்டா வூட்ல யாரு கீறாங்க எனக்கு? பகல்ல அதான் தொணைக்கு வந்து படுத்துக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கீழே நாய் ஒருமுறை குரைத்தது. தனசேகர் சாக்கைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு, மருந்து டப்பாவைப் பாபுவிடமிருந்து வாங்கிக்கொண்டு கேட்டார்:

"சரி, நம்ம வூட்ல அதும் பேரு இன்னா?"

உண்ணியை ஒழிக்க ஒரு மாத்திரையும் ஒரு டப்பா மருந்தும் போதும், ஆனால் கிளினிக் சீட்டில் 'மணி (எ) ராக்கி (எ) சீசர் (எ) செல்லம்' என்று நாலு பெயரையும் எழுத எனக்குத்தான் இடம் போதவில்லை.