நல்ல கையெழுத்துப் பிள்ளைகள்

அந்த வருடம் முழுக்க எனக்குச் செத்தவர்களின் கடிதங்களைப் படம் பிடிக்கிற வேலை. பழைய மொன்றியலில் ஓர் ஆவணக் காப்பகத்தின் நிலக்கீழ் அறை. வெளியே பனி, உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டு. இங்கே இருந்த தோல் வியாபாரி ஒருவன் லண்டனில் இருந்த தமையனுக்கு எழுதியவை, தமையன் திருப்பி எழுதியவை. கப்பலில் இரண்டு மாதம். நதி உறைந்துவிட்டால் பனி கரையும் வரைக்கும் பதில் இல்லை. அவ்வளவு பாடுபட்டுக் கடல் தாண்டிய காகிதத்தில் இரண்டே இரண்டு விஷயம்தான்: அப்பாவின் சொத்தில் எனக்கு எது, என் பிள்ளையை உன் வீட்டில் வைத்துப் படிப்பிப்பாயா. அன்பு கடைசி வரியில், காகிதம் மிஞ்சினால்.

பிள்ளை பெரியப்பாவுக்கு எழுதிய கடிதங்களும் இருந்தன. எட்டு வயதில் அப்படிக் கையெழுத்து வராது, அப்படிப் பணிவும் வராது. வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். தனியே இருந்து சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணையின் தொலைபேசி. அப்பா விட்டுப்போன வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதப் போகிறாராம்.

"உன்ரை பங்கை உன்ரை மகளின்ரை பேரிலை எழுதுவம் எண்டு பாக்கிறன். அவளுக்குத் தமிழ் எழுத வருமோ? வராட்டி அதுக்கு இஞ்சை வீடு என்னத்துக்கு?"

"வடிவா எழுதுவாள்" என்றேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்குப் பிரெஞ்சு, கோபத்துக்கு ஆங்கிலம், பசித்தால் மட்டும் தமிழ். அண்ணைக்கு ஒரு கடிதம் நான் எழுதி வைத்தேன். அவள் அதைப் பார்த்து, படம் கீறுகிற மாதிரிக் கீறினாள். 'அன்புள்ள பெரியப்பா, தங்கள் நலம் அறிய ஆவல்.'

"நலம் எண்டால் என்னப்பா?"

"சுகம்."

"அதை நான் ஏன் அறிய வேணும்?"

"வீடு வேணுமோ, வேண்டாமோ?"

"எந்த வீடு?"

மூன்று கிழமையில் பதில் வந்தது. அண்ணையின் நாலு வரிக்குள் மடித்தபடி, அவருடைய மூத்த மகள் எனக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். என் மேலான நகரத்தில் உயர்கல்வி பெற்று, என் மேலான குடும்பத்துக்குப் பாரமில்லாமல் இருக்க அனுமதி வேண்டுமாம். ஒவ்வொரு கமாவும் தலை சீவிப் பவுடர் போட்டு நின்றது. ரியூசன் மாஸ்டரின் மூச்சு காகிதத்தில் அடித்தது.

மகள் வாசித்துவிட்டு, "இதை அக்கா எழுதேல்லை" என்றாள்.

"நீ பேசாமல் இரு."

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளையின்ரை இங்கிலிஷ் திறம்."

"உன்ரை மகளின்ரை தமிழும் திறம்தான். எழுத்து அப்பிடியே உன்ரை எழுத்து."

ஆயிரக்கணக்கான மைல் கடலுக்கு மேலே இரண்டு பொய்யர்கள் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்ப, உறுதியை எழுதுவிக்கட்டோ?"

"எழுதுவியுங்கோ அண்ணை."

"அங்கை இவளுக்கு ஒரு அறை இருக்குமோ?"

சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் வாடகை வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் நானும் மனைவியும். மற்றதன் கதவில், தட்டாமல் வரக்கூடாது என்று மகள் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தாள்.

"இருக்கு" என்றேன். "நல்ல வெளிச்சமான அறை."

போனை வைத்தேன். போய்த் தட்டினேன்.