என் கணவருக்கு நான் வைத்த தேர்வு

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், பெருமாநல்லூர் வீட்டில் நான்தான் தேர்வதிகாரி. என் கணவர் சரக்குக் கப்பலில் பயிற்சி முடித்து, அதிகாரி ஆவதற்கான எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தார். மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு. மெட்ராஸில் பழைய கேப்டன் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். அவர் திருப்தியானால்தான் சான்றிதழ், அது இருந்தால்தான் மறுபடி கடல்.

அப்பாவின் பனியன் கம்பெனியிலிருந்து சாய நூல் கோன்களைக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பேன். கப்பல்கள் இரவில் காட்டும் விளக்குகள் அவை. "மேல வெள்ளை, கீழ சிவப்பு. இது என்னதுங்க?" என்பேன். "துறைமுகத்துக்கு வழிகாட்டற பைலட் படகு" என்பார் டக்கென்று. ஒன்றுகூடத் தப்பாது. கடலையே பார்க்காத நான் பாதிக் கேப்டன் ஆகியிருந்தேன்.

முதல் முறை தோற்று வந்தார். வலப்பக்கமிருந்து ஒரு கப்பல் குறுக்கே வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. வலது பக்கம் திருப்புவேன் என்று இவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். "ஏன், இடது பக்கம் திருப்பினால் என்ன?" என்று அவர் முகத்தைச் சுளித்ததும், "எஸ் சார், திருப்பலாம்" என்றுவிட்டார்.

"ஏனுங்க மாத்திச் சொன்னீங்க?"

"அவ்வளவு பெரியவர் கேக்கறப்ப, இல்லீங்கன்னு எப்படி அம்மிணி சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மரியாதையை வைத்துக் காதர்பேட்டையில் பனியன் விற்கலாம், கப்பல் ஓட்ட முடியுமா? அடுத்த நான்கு மாதம் நான் அவரை விடவில்லை. சரியான பதிலைச் சொன்னாலும் தப்பு என்று முறைப்பேன். அவர் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. "ஆரு என்ன சொன்னாலும் மாத்தாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி ரயிலேற்றினேன்.

இரண்டாம் முறை வேறு அதிகாரி, நல்ல மனுஷர். பதற்றத்தில் இவர் பைலட் படகை மீன்பிடிப் படகு என்று சொல்ல, "நிதானமாக யோசித்துச் சொல்லுப்பா" என்று மூன்று தடவை இடம் கொடுத்திருக்கிறார். மூன்று தடவையும் இவர், "நான் சொன்னதுதான் சரி சார்." தப்பைத் திருத்திக்கொள்ளாதவனை நம்பிக் கப்பலை ஒப்படைக்க முடியாது என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது இவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அப்பாவின் கம்பெனியில் பேக்கிங் பார்க்கத் தொடங்கினார். ஏற்றுமதிப் பெட்டிகளின் மேல் அவை போய்ச் சேரும் துறைமுகத்தின் பெயரை எழுதுவதும் அவர்தான். எழுத்துத் தேர்வில் தேறியது காலாவதி ஆவதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது, அதற்குள் வாய்மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ சொன்னா இன்னொருக்கா போய்ப் பாக்கறன் அம்மிணி" என்றார்.

"பாக்கலாங்க" என்று ரசம் ஊற்றினேன்.

தேறினால் மாதக்கணக்கில் கடலுக்குப் போய்விடுவார். அவர் தினமும் சாயங்காலம் வீடு திரும்புவது எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, நான் சொல்வேன் என்று காத்திருந்தார். கெடு முடியும் தேதி எனக்கு நன்றாகத் தெரியும். அது போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.